பெயரை வளர்த்த பெருமகன் எஸ்.எஸ். வாசன்

செஞ்சிக் கோட்டையைக் காண வருகின்றவர்களிடம், இக்கோட்டையை ஆண்டவர் யார் என்று கேட்டால், ராஜா தேசிங்கு என்ற விடையே முதலில் வரும். தேசிங்கு ஆண்டதோ ஓராண்டுக்கும் குறைவான காலம். 1714ஆம் ஆண்டில் இளமையிலேயே போர்க்களத்தில் மாண்டான். அவனுக்கு முன்னர் நெடுங்காலம் ஆண்ட நாயக்க மன்னர்களின் பெயர்களை வரலாற்று மாணவர்களே நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசிங்கின் பெயரை நிலைநிறுத்தியது அவனுடைய ஆட்சியன்று. ஊர் ஊராகப் பாடிச் சென்ற கதைப்பாடகர்களும் கூத்துக் கலைஞர்களுமே.

மக்கள் மனத்தில் ஒரு பெயர் எவ்வாறு இடம் பிடிக்கிறது? பிடித்த இடம் எவ்வளவு என்று அளக்க முடியுமா? வணிகவியல் பயில்வோர் இன்று ஆராயும் இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். ஆனந்த விகடனையும் ஜெமினி ஸ்டூடியோவையும் வளர்த்த எஸ்.எஸ். வாசன் அவர்களே அவர்.

தஞ்சைத் தரணியின் திருத்துறைப்பூண்டியில் 1904ஆம் ஆண்டில் பிறந்தவர் வாசன். சீனிவாசன் என்பது இயற்பெயர். சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் வாலாம்பாள் அம்மையார் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, வறுமையோடு போராடி அவரைப் படிக்க வைத்தார். கல்லூரிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு வாசனுக்குக் கிட்டவில்லை. பிழைப்புக்காக அவர் கைக்கொண்ட தொழில், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தரும் ஏஜெண்டுத் தொழில். அதனுடன் தபால் மூலம் பொருள்களை விற்கும் வணிகத்தையும் நடத்தினார்.

இந்தத் தபால் வணிகத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். கடை வைத்திருப்பவருக்கு, வந்த வாடிக்கையாளர் விளம்பரத்தைப் பார்த்து வந்தாரா, வழியில் போகும்போது நுழைந்தாரா என்பது தெரியாது. தபால் வணிகருக்கு அந்தக் குழப்பம் குறைவு. விளம்பரம் வெளியான வாரத்தில் எத்தனை ஆர்டர்கள் வந்தன என்று எண்ணினால் போதும். விளம்பரத்தின் பலன் மேசையின் மேலேயே கிடக்கும். எந்த வாசகம் கடிதங்களைக் கொண்டு வரும், எது வீணாகும் என்பதைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பள்ளி அந்நாளில் இல்லை எனலாம். வாசன் பயின்ற பள்ளி அதுதான்.

1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடன், ஈராண்டுக்குள் நடத்த முடியாத நிலையை அடைந்தது. அதற்கு விளம்பரம் திரட்டித் தந்துகொண்டிருந்த வாசன், 1928இல் அதனை 200 ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். பெயரின் எட்டு எழுத்துக்கு, எழுத்தொன்றுக்கு 25 ரூபாய் வீதம் என்பது கணக்கு. அச்சு இயந்திரத்தையோ கட்டடத்தையோ அவர் வாங்கவில்லை. அவர் வாங்கியது ஒரு பெயரை மட்டுமே. வெறும் பெயருக்கு விலை உண்டு என்பதைச் செயலில் காட்டிய முன்னோடிகளுள் ஒருவராக அவரைக் கொள்ளலாம்.

அப்பெயருக்கு உயிர் ஊட்டும் பணி அடுத்துத் தொடங்கியது. குறுக்கெழுத்துப் போட்டிகள் வாசகர்களைக் கூட்டமாக இழுத்தன. ஆனால் பரிசுக்காக வந்தவர் பரிசு நின்றதும் போய்விடுவார் அல்லவா? வந்தவரை நிறுத்தி வைக்க வேறொன்று வேண்டும். கல்கியின் எழுத்தும், மாலியின் சித்திரங்களும், தேவனின் நகைச்சுவையும் அந்த வேலையைச் செய்தன. 1939இல் கல்கியின் தியாகபூமி தொடர்கதை வெளிவந்தபோது, எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே திரைப்படத்தின் காட்சிகளே கதைக்குப் படங்களாக அச்சாயின. கதை படத்துக்கு விளம்பரம். படம் கதைக்கு விளம்பரம். 1941இல் கல்கி விலகித் தம் பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கிய பின்னரும் விகடன் தளரவில்லை. மக்கள் நம்பியது ஓர் எழுத்தாளரை மட்டுமன்று, அட்டையில் இருந்த பெயரையும்தான் என்பது அப்போது விளங்கியது.

அதே 1941இல், தீ விபத்துக்கு ஆளாகி ஏலத்துக்கு வந்த ஸ்டூடியோ ஒன்றை ஏறத்தாழ 86,000 ரூபாய்க்கு எடுத்து, ஜெமினி என்று பெயர் சூட்டினார் வாசன். ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் அதன் முத்திரை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அம்முத்திரையைக் கண்ட மாத்திரத்தில் இது இன்னாருடைய படம் என்று அறிந்தனர். நந்தனார், மங்கம்மா சபதம் முதலிய படங்கள் வரிசையாக வந்தன.

அவருடைய விளம்பரத் திறனுக்குச் சிகரம் சந்திரலேகா. கதை உருவாகும் முன்னரே, கதாநாயகியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விளம்பரத்தைத் தொடங்கிவிட்டார். இல்லாத படத்துக்கு எதிர்பார்ப்பு வளர்ந்தது. பிறகு அந்த எதிர்பார்ப்புக்கு ஈடான படத்தை எடுத்தாக வேண்டிய கட்டாயம் அவரைச் சூழ்ந்தது. ஐந்தாண்டு உழைப்பும் ஏறத்தாழ 30 லட்சம் ரூபாயும் அதில் கரைந்தன. 1948 ஏப்ரல் 9 அன்று தென்னாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் படம் வெளியாயிற்று. மக்கள் திரண்டனர், முரசு நடனத்தைக் கண்டு வியந்தனர். ஆயினும் போட்ட முதல் முழுவதும் தமிழ்ப் பதிப்பால் திரும்பவில்லை.

மற்றொருவராக இருந்தால் சோர்ந்திருப்பார். வாசனோ அதே ஆண்டு டிசம்பரில் இந்திப் பதிப்பை வெளியிட்டார். வடநாடெங்கும் சுவரொட்டிகளும் முழுப்பக்க விளம்பரங்களும் நிறைந்தன. படம் மகத்தான வெற்றி கண்டது. இங்கே கவனிக்க வேண்டியது வசூல் மட்டுமன்று. சென்னையில் எடுத்த படம் வடநாட்டில் எடுபடாது என்றிருந்த எண்ணம் மாறியது. தொடர்ந்து நிஷான், இன்சானியத், பைகாம் என ஜெமினியின் இந்திப் படங்கள் வந்தபோது, முத்திரையே அவற்றுக்குச் சிபாரிசாக அமைந்தது. ஒரு விளம்பரம் மக்களின் கருத்தை மாற்றியதா என்பதற்கு, அடுத்த சரக்கு எவ்வாறு வரவேற்கப்படுகிறது என்பதே உரைகல்.

விற்பனைக் கணக்கு வேறு, மதிப்பின் கணக்கு வேறு. தள்ளுபடி அறிவித்தால் விற்பனை கூடும். மதிப்புக் கூடியதா என்று கல்லாப்பெட்டி சொல்லாது. பத்திரிகைகளின் விற்பனையைச் சரிபார்க்கும் தணிக்கை அமைப்பு 1948இல் இந்தியாவில் ஏற்பட்டது. அது பிரதிகளை எண்ணியது. வாசகரின் எண்ணத்தை எண்ணவில்லை. இன்றைய ஆய்வாளர்கள் அதற்கும் வழி கண்டிருக்கின்றனர். விளம்பரத்துக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் அதே வினாக்களைக் கேட்கின்றனர். சோப்பு என்றதும் எந்த மார்க்கு முதலில் நினைவுக்கு வருகிறது, அதன் தரம் எப்படி, விலைக்குத் தகுந்ததா, மீண்டும் வாங்குவீர்களா என்று வினவுகின்றனர். விளம்பரம் எட்டாத வேறோர் ஊரிலும் அவ்வாறே கேட்டு, இரண்டையும் ஒப்பிடுகின்றனர். பண்டிகையும் விளைச்சலும் கொண்டுவந்த மாற்றத்தைக் கழித்துவிட்டு, விளம்பரத்தால் விளைந்ததை மட்டும் காண்பதற்கே இந்த ஏற்பாடு.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. தீபாவளிக்கு முன் செஞ்சிக் கடைவீதியில் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று வரும்போது, நம் மாணவர்கள் வினாத்தாளுடன் இறங்கலாம். விளம்பரம் தொடங்குமுன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை. அவ்விளம்பரம் செல்லாத அயலூரிலும் அதே இரு நாள்களில். நெல் விற்க வரும் விவசாயியின் விடையும், பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவியின் விடையும் ஒன்றாக இரா. அந்த வேறுபாட்டை அறிவதும் கல்வியே.

1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார் வாசன். 1969இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று மறைந்தார். அவருக்குப்பின் ஸ்டூடியோ நலிந்து, இறுதியில் மறைந்தது. அதன் அருகே 1973இல் எழுந்த மேம்பாலத்துக்கு அரசு இட்ட பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் இன்றும் சென்னைப் பேருந்தில் ஏறி ஜெமினி என்று சீட்டுக் கேட்டால் நடத்துநருக்குப் புரிகிறது. ஜெமினி படம் ஒன்றையும் பார்த்திராத தலைமுறையும் அப்பெயரைச் சொல்கிறது.

விளம்பரப் பலகை வெயிலில் வெளுத்துவிடும்; சுவரொட்டியை மழை கரைத்துவிடும். சொன்ன சொல்லுக்குக் குறையாத சரக்கைத் தந்தவரின் பெயர் மட்டுமே மக்கள் நாவில் தங்கும். பெயரை வாங்க 200 ரூபாய் போதுமானதாக இருந்தது. அதைக் காப்பாற்ற வாசனுக்கு ஓர் ஆயுட்காலம் தேவைப்பட்டது. வணிகம் பயிலும் நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.