நாவலர் துணிந்த ஆண்டு

ஆறுமுக நாவலர் அவர்களை நாம் பெரும்பாலும் முடிசூடிய நிலையிலேயே அறிந்திருக்கின்றோம். குருபூசை நாட்களில் மாலையிட்டு வைக்கும் படமும், நெற்றி நிறைந்த திருநீறும், கண்டிப்பான பார்வையுமே நம் மனத்தில் நிற்கின்றன. ஆனால் இருபத்தைந்து வயதில் அவர் நம்மைப் போன்ற ஓர் இளைஞர். கையிலே உத்தியோகம் இருந்தது. மனத்திலே வேறொன்று இருந்தது. எதை விடுவது, எப்பொழுது விடுவது என்ற கேள்வி அவருக்கும் இருந்தது. அதற்கு அவர் விடை கண்ட விதத்தையே இங்கு சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம்.

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாடகம் இயற்ற வல்லவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் காலமாக, அரைகுறையாய் நின்ற நாடகத்தைச் சிறுவனே பாடி முடித்தான் என்பர். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகியோரிடம் தமிழிலக்கணமும் இலக்கியமும் கற்றார். ஆங்கிலம் கற்க வெஸ்லியன் மிஷனாரின் பாடசாலைக்குச் சென்றார். பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் மாணவனின் திறமையைக் கண்டு, இருபது வயது நிரம்புமுன்பே அவரை அங்கு ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் வேலைக்கும் துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறியது.

நாமும் மிஷன் பாடசாலையில் எழுத்தறிந்தவர்களே. ஆகவே அந்த நிலைமையின் நெருக்கடியை ஒருவாறு உணர முடிகின்றது. அறிவைத் தந்தவர், தம்மை நம்பியவர், மரியாதையாய் நடத்தியவர் ஒருவரை விட்டுப் பிரிவது எளிதன்று. மாதந்தோறும் வரும் சம்பளத்தை விடுவதும் எளிதன்று. ஆங்கிலம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த அக்காலத்தில், அரசாங்க உத்தியோகத்தின் வாயில் அவருக்குத் திறந்தே கிடந்தது. மறுபக்கத்தில் அவர் கண்டதோ, தம் சமயத்தைக் கற்பிக்கப் பள்ளிக்கூடமில்லாமல், ஆங்கிலப் படிப்பின் பொருட்டு மதம் மாறிய பிள்ளைகள். கோயிலுக்குச் சென்றும் அதன் பொருள் அறியாத பெரியவர்கள்.

இந்த இடத்திலே அவசரக்காரர் ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே வெளியேறியிருப்பார். ஆறுமுகம் அவ்வாறு செய்யவில்லை. 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவர் மிஷன் பாடசாலை ஆசிரியரே. அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் நடந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அவரும் மாறி மாறிப் பேசினர். கோயிலிலே புராணபடனம் நடப்பது பழைய வழக்கம். வாரந்தோறும் ஒரு பொருளை எடுத்து, விளங்கும் வசனத்தில் மக்களுக்கு எடுத்துரைப்பதோ பாதிரிமாரிடம் கண்ட வழக்கம்.

அந்த எட்டொன்பது மாதங்களை நாவலர் வரலாறு கூறுவோர் ஒரு வரியிற் கடந்து விடுகின்றனர். நமக்கோ அதுவே அவர் வாழ்க்கையின் மிக அருமையான பகுதியாகத் தோன்றுகின்றது. மக்கள் கேட்க வருவார்களா, தம்மால் தொடர்ந்து பேச இயலுமா, உடனிருந்து உழைக்க ஆட்கள் கிடைப்பார்களா என்பனவற்றை அவர் அறையிலிருந்து யோசித்து அறியவில்லை. செய்து பார்த்து அறிந்தார். கேட்போர் கூடினர். மாணாக்கர் சிலர் பின்வந்தனர். அதன் பிறகு அவர் காத்திருக்கவும் இல்லை. 1848 ஆவணியில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அவ்வாண்டு செப்டெம்பரில் மிஷன் உத்தியோகத்தைத் துறந்தார். பாதிரியார் சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்லியும் அவர் இசையவில்லை என்று கூறுவர்.

துறந்தது உத்தியோகத்தை மாத்திரம் அன்று. இல்லற வாழ்க்கையையும் அவர் ஏற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும் என்று கண்டதும், 1849இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகத்துக்குக் கப்பலேறினார். திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருடைய சொல்வன்மையைக் கேட்டவர்கள் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். அச்சியந்திரத்துடன் திரும்பி வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்களும், பெரியபுராண வசனமும், 1854இல் சைவதூஷண பரிகாரமும் வந்தன. இறுதியிற் கூறிய நூலில் விவிலியத்தை அவர் எவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தார் என்பது பக்கந்தோறும் தெரிகின்றது. பாதிரியாருடன் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை.

எல்லாம் கைகூடின என்று எழுதினால் அது பொய்யாகும். அவருடைய வித்தியாசாலை அரசாங்க நன்கொடை பெறுவதற்கு 1870 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை சில ஆண்டுகளிற் பணமின்றி மூடப்பட்டது. சாதி பற்றி அவர் கொண்டிருந்த கொள்கையை இன்று நாம் ஏற்பதற்கில்லை. அதை மறைத்துப் புகழ்வதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆனால் தோல்வி கண்டபோதெல்லாம் அவர் பழைய வாயிலைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். 1879இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை அனுப்ப வேண்டும் என்று கூட்டம் கூட்டி முன்னின்றார். அப்பொழுது இராமநாதனுக்கு வயது இருபத்தெட்டு. இளைஞர் என்று நாவலர் ஒதுக்கவில்லை.

அதே ஆண்டு ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையிலே, வண்ணார்பண்ணை வித்தியாசாலையில் அவர் தம் கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். டிசெம்பர் 5ஆம் நாள் சிவபதம் அடைந்தார். பள்ளிக்கூடங்களையும் அச்சியந்திரத்தையும் சதாசிவப்பிள்ளை ஏற்று நடத்தினார்.