பத்து வெள்ளிக் கணக்கு



கோலாலம்பூர் போய் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால், பக்கத்திலேயே ஜாலான் துன் சம்பந்தன். ஒரு காலத்தில் அதற்குப் பிரிக்பீல்ட்ஸ் சாலை என்று பெயர். அங்கே இருக்கும் மோனோரயில் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். நான் எத்தனையோ தடவை அந்த வழியா நடந்திருக்கேன். ஆனா அவர் என்ன செய்தார்னு யாராவது கேட்டிருந்தா, பழைய அமைச்சர், ம.இ.கா. தலைவர் என்பதோட என் பதில் முடிஞ்சிருக்கும்.

போன வருஷம் பொறியியல் படிப்பில் இரண்டு பாடத்தில் நான் தேறவில்லை. வருஷத் தொடக்கத்தில் அறைச் சுவரில் 4.00 என்று பெரிசா எழுதி ஒட்டியிருந்தேன். நம்பிக்கை இருந்தா போதும், மனசுல நினைச்சது நடக்கும்னு எங்கேயோ கேட்டதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். முடிவு வந்த அன்னைக்கு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, பஸ் ஏறி பைராம் தோட்டத்துக்கு வந்துட்டேன். இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராதுன்னு பாட்டிகிட்ட சொன்னேன்.

பாட்டி திட்டவில்லை. அவங்க அப்பா மாசம் பத்து வெள்ளி கட்டின கதையைச் சொன்னாங்க. அந்தக் கதையில் வந்தவர்தான் துன் சம்பந்தன். அதுக்கப்புறம்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிச்சேன்.

சுங்கை சிப்புட் பிள்ளை

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராவில் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தேவாரம் பாடிய குழந்தைச் சம்பந்தரின் பெயர்தான். அப்பா வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர் நிலம் வாங்கி முன்னேறியவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. காந்தியின் வழி அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றே பெயர் வைத்தார்.

அப்பா சேர்த்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். அவர் பொது வாழ்க்கைக்கு வந்தார். 1955-ல் ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் அவரும் இருந்தார். சுகாதாரம், பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு என்று 1970-கள் வரை பல பொறுப்புகள் பார்த்தார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். பாட்டி சொன்னது வேற கதை.

தோட்டம் துண்டானது

1950-களில் பல வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்களில் பலர் நிலத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டு நிலம் வாங்கினவருக்கு நூற்றுக்கணக்கான ஆள் எதற்கு? மரம் சீவினவர்களுக்கு வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போனது. பள்ளிக்கூடம், கோயில், எல்லாமே தோட்டத்து நிலத்தில்தானே இருந்தது! 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் தனி ஆய்வாகவே செய்தார். அவ்வளவு பெரிய பிரச்சினை.

பாட்டி பிறந்த தோட்டமும் அப்படித்தான் போனது. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த பிறகுதான் குடும்பம் பைராம் வந்து சேர்ந்தது.

சம்பந்தன் முன்னால் ரெண்டு வழி இருந்தது. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்றுவோம் என்று மேடையில் முழங்கலாம். இல்லையென்றால், தொழிலாளியால் என்ன முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம். அவர் கணக்குப் போட்டார்.

1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர் மாசம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பணத்தைச் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது, வாங்கிய தோட்டத்தைத் துண்டாடாமல் நடத்துவது. திட்டம் இவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் தோட்டக் கூலிக்காரருக்கு 10 வெள்ளி பெரிய காசு. ஆனால் எட்டவே முடியாத காசு இல்லை. கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேர் சேர்ந்தால் ஒரு லட்சம் வெள்ளி. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் பத்து லட்சம். நாங்கள் படிக்கும் பாடத்தில், ஒரு தூண் தாங்காத பாரத்தைப் பல தூணுக்குப் பிரித்துக் கொடு என்பார்கள். அதேதான் இது. நம்ம மாரியம்மன் கோயில் திருவிழாவும் வீட்டுக்கு வீடு வசூலித்துத்தானே நடக்கிறது?

கணக்கு சுலபம். நம்ப வைப்பதுதான் கஷ்டம். பெரட்டில் நின்று துரைக்குக் கைகட்டிப் பழகினவர்களிடம் போய், இந்தத் தோட்டத்துக்கு நீங்களே முதலாளி ஆகலாம் என்றால் யார் நம்புவார்? சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். தொழிலாளிகளோடு தமிழில் பேசினார். அமைச்சராக இருந்துகொண்டே இதைச் செய்தார். இந்த உழைப்பில் அவரோடு நின்றவர்களில் ஒருவர் கே. ஆர். சோமசுந்தரம்.

சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். ஏறக்குறைய 3,000 ஏக்கர். அந்த ஒரு தோட்டம், ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததைச் செய்தது. கண்ணால் பார்த்தபிறகு மக்கள் நம்பினார்கள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. 1970-களின் தொடக்கத்தில் சங்கத்தின் கையில் 18 தோட்டங்கள் இருந்தன. உறுப்பினர்கள் ஏறக்குறைய 85,000 பேர்.

வெற்றி என்றால் எது?

எல்லாத் தோட்டமும் பிழைத்ததா என்றால் இல்லை. துண்டாடப்பட்ட தோட்டங்கள் ஏராளம். பாட்டி பிறந்த தோட்டம் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு எதுக்கு உங்க அப்பா பைராம்ல இருந்துக்கிட்டு மாசாமாசம் பணம் கட்டினாருன்னு கேட்டேன். நம்ம வீடு போச்சு, இன்னொருத்தன் வீடாவது நிக்கட்டும்னுதான் கட்டினார்னு பாட்டி சொன்னாங்க. எனக்குப் பேச்சு வரலை.

சம்பந்தனுக்கும் எல்லாம் சுகமாக முடியவில்லை. கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்து, 1973-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்பா விட்டுப்போன சொத்தில் பெரும்பகுதி பொது வாழ்க்கையில் கரைந்தது. 1979 மே 18-ஆம் நாள் காலமானார். வயது 59. அவர் தொடங்கிய சங்கம் இன்றும் நடக்கிறது. கோலாலம்பூரில் அதன் கட்டடத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர்.

நண்பர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நம்பிக்கை முதலில் வந்து, வெற்றி பின்னால் வரும் என்று நினைத்திருந்தேன். துன் சம்பந்தன் செய்தது வேறு மாதிரி. இன்றைக்குக் கைக்கு எட்டும் ஒரு படியை முதலில் வைத்தார். அதில் ஏறிய பிறகு, அடுத்த படியும் முடியும் என்ற நம்பிக்கை தானாக வந்தது. இலக்கு சின்னதாக இருந்ததால் அவர் கனவு சின்னதாகிவிடவில்லை. கனவை மாசம் 10 வெள்ளியாகப் பிரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் திரும்பப் படிக்கப் போனேன். இப்போ என் சுவரில் 4.00 இல்லை. தேறாத இரண்டு பாடத்துக்கும் தினமும் இரண்டு கணக்கு, வாரம் ஒரு தடவை விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்பது என்று மட்டும் எழுதியிருக்கு. இந்தப் பருவம் ஒன்றில் தேறிட்டேன். இன்னொன்று பாக்கி. சில நாள் அந்த இரண்டு கணக்கும் செய்யாமல் தூங்கிப் போறதும் உண்டு. மறுநாள் நாலு செய்யப் பார்க்கிறேன்.

உங்கள் சுவரில் என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் போய்ப் பாருங்க. அது கைக்கு எட்டாத நூறு வெள்ளியா இருந்தா, இந்த மாசத்துக்கு உங்க பத்து வெள்ளி எதுன்னு கணக்குப் போட்டு, அதை முதல்ல கட்டிடுங்க.