ஜார்ஜ் லெக்லாஞ்சி

ஜார்ஜ் லெக்லாஞ்சி (அக்டோபர் 9, 1839 - செப்டம்பர் 14, 1882) ஒரு பிரெஞ்சு மின்பொறியியலாளர் ஆவார். உலர் மின்கலத்துக்கு முன்னோடியான லெக்லாஞ்சி மின்கலத்தை உருவாக்கியவர் இவரே. பிரான்சில் பார்மேன் என்னும் ஊரில் பிறந்தார். பாரிசிலுள்ள எகோல் சென்ட்ரலில் 1860 இல் பட்டம் பெற்று, இருப்புப்பாதை நிறுவனமொன்றில் பொறியாளராகப் பணியாற்றினார்.

1866 இல் அவர் அமைத்த மின்கலம், நவச்சாரக் (அம்மோனியம் குளோரைடு) கரைசல் நிரம்பிய ஒரு கண்ணாடிச் சாடியாகும். அதில் துத்தநாகத் தண்டு எதிர்மின்வாயாக இருந்தது. மாங்கனீசு டைஆக்சைடும் கரித்தூளும் திணித்த நுண்துளைப் பாண்டத்தின் நடுவே நின்ற கரித்தண்டு நேர்மின்வாயாக அமைந்தது. குரோவ், புன்சன் மின்கலங்களைப் போல இதற்கு நைட்ரிக் அமிலம் தேவைப்படவில்லை. தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தால் இதன் மின்னழுத்தம் (ஏறத்தாழ 1.5 வோல்ட்டு) தளரும், ஓய்வு கொடுத்தால் மீளும். விட்டுவிட்டு இயங்கும் தந்திக்கும் மின்மணிக்கும் இது பெரிய குறையன்று. பெல்ஜியத் தந்தித் துறையும் நெதர்லாந்து இருப்புப்பாதையும் இதனை விரைவிலேயே ஏற்றுக்கொண்டன.

ஆயினும் கரைசல் சிந்தியது, வற்றியது. சாடியை எடுத்துச் செல்வது கடினம். இக்குறை முழுமையாகத் தீருமுன்னரே, தமது 42 ஆம் அகவையில் லெக்லாஞ்சி பாரிசில் காலமானார்.

1886 இல் ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் நவச்சாரத்தைப் பாரிசு சாந்துடன் குழைத்துத் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார்; குவளையே எதிர்மின்வாயாயிற்று. பின்வந்தோர் மாவுப்பொருள் சேர்த்த கூழ்ப்பசையைப் பயன்படுத்தினர். பசைக்குள் நீர் ஓடாமல் நிற்கும், ஆனால் அயனிகள் அதனூடே நகரும். உண்மையில் 'உலர்' என்னும் பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. பசை முற்றிலும் காய்ந்துவிட்டால் மின்கலம் இயங்காது.