ஊர் திரும்பினார், ஊரில் ஒருவர்கூட இல்லை: யார் இந்த ஸ்குவாண்டோ?

அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு நவம்பர் கடைசி வாரம் நன்றாகத் தெரியும். மெயிலுக்குப் பதில் வராது, மீட்டிங் எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். காரணம், அங்கே ‘தேங்க்ஸ்கிவிங்’ விடுமுறை. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து வான்கோழி சாப்பிடும் நாள்.

அந்த நாளுக்குப் பின்னால் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த ஒரு கதை இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலேயர்கள் பசியில் வாடுகிறார்கள். அப்போது காட்டிலிருந்து ஒரு நல்ல பூர்வகுடி மனிதர் வருகிறார். அழகாக ஆங்கிலம் பேசுகிறார், மக்காச்சோளம் விதைக்கச் சொல்லித் தருகிறார். அறுவடை ஆனதும் எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். சுபம்.

அந்த மனிதரின் பெயர் ஸ்குவாண்டோ. முழுப் பெயர் டிஸ்குவாண்டம். சரி, காட்டிலிருந்து வந்தவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும்? பள்ளிக் கதை இந்தக் கேள்வியை நைசாகத் தாண்டிப் போய்விடுகிறது. அதற்கான பதிலில்தான் அவருடைய வாழ்க்கையே இருக்கிறது.

எந்த மக்கள், எந்த ஊர்?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘அல்கோன்குவின்’ என்பவர்கள் இன்றைய கனடாவின் ஒட்டாவா ஆற்றங்கரை மக்கள். ‘அல்கோன்குவியன்’ என்பது அவர்கள் மொழியும் சேர்ந்த ஒரு பெரிய மொழிக் குடும்பம். அட்லாண்டிக் கடலோரம் முழுக்க அந்தக் குடும்பத்து மொழிகள் பேசப்பட்டன. மூஸ், ஸ்கங்க் போன்ற ஆங்கிலச் சொற்கள் இந்த மொழிகளிலிருந்து போனவைதான். மாசசூசெட்ஸ் என்ற பெயரும் அப்படியே.

டிஸ்குவாண்டம் இந்தக் குடும்பத்து மொழி ஒன்றைப் பேசிய வாம்பனோவாக் மக்களில் ஒருவர். அவருடைய ஊர் பட்டக்செட், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரையில் இருந்தது. கம்புகளை வளைத்துக் கட்டி, மரப்பட்டையும் கோரைப்பாயும் போர்த்திய வீடுகள். வீட்டுக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லின் உச்சரிப்பு ஏறக்குறைய ‘வீட்டூ’. தற்செயல்தான், இதை வைத்து யாரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்!

வசந்த காலத்தில் ஓடைகளில் ஏறிவரும் மீன்களைப் பிடிப்பார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே இடத்தில் பயிரிடுவார்கள். சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடிக் களையைத் தடுக்கும். வயல் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. முதல் சோளத்தையும் பீன்ஸையும் தென்மேற்கில் உள்ள கடவுளின் வயலிலிருந்து ஒரு காக்கை தன் காதுகளில் வைத்துக் கொண்டுவந்தது என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. அதனால் காக்கை பயிரைத் தின்றாலும் அதைக் கொல்ல மாட்டார்கள். மௌஷப் என்ற பூதாகரமான மனிதரைப் பற்றிய கதைகளும் உண்டு. திமிங்கலங்களைப் பிடித்து மக்களோடு பங்குபோட்டு உண்டவராம் அவர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இறந்தவரின் பெயரை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1614: கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்

1614-ல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் இந்தக் கடற்கரையை வரைபடமாக்க வந்தார். ‘போகாஹொன்டாஸ்’ படத்தில் வரும் அதே ஸ்மித்தான். வேலை முடிந்து கிளம்பும்போது, மீன் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போகும்படி தாமஸ் ஹன்ட் என்பவரை இன்னொரு கப்பலோடு விட்டுச் சென்றார்.

ஹன்ட் மீனோடு நிறுத்தவில்லை. வியாபாரம் பேசலாம் என்று ஆசைகாட்டி, பட்டக்செட்டைச் சேர்ந்த சுமார் 20 பேரைக் கப்பலில் ஏற்றிக் கட்டிப்போட்டார். பக்கத்து நாசெட் பகுதியிலிருந்து இன்னும் 7 பேர். எல்லாரையும் ஸ்பெயினின் மலாகா துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்க ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து அங்கிருந்த கிறிஸ்தவத் துறவிகள் தலையிட்டு, விற்காமல் மிச்சமிருந்தவர்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் டிஸ்குவாண்டம் லண்டனில் இருக்கிறார். கார்ன்ஹில் பகுதியில் ஜான் ஸ்லேனி என்ற வணிகரின் வீட்டில் வாசம். நியூஃபவுண்ட்லாந்தில் குடியேற்றம் நடத்திய கம்பெனியின் பொருளாளர் இந்த ஸ்லேனி. ஆங்கிலம் கற்றுக்கொண்டது இங்கேதான். ஊருக்குத் திரும்ப இருந்த ஒரே வழி, அந்த ஊர்ப் பக்கம் கப்பல் அனுப்புகிறவர்களுக்குத் தேவையான ஆளாக மாறுவதுதான். அவரும் அப்படித்தான் மாறினார். முதலில் நியூஃபவுண்ட்லாந்து, அங்கிருந்து மறுபடி இங்கிலாந்து, கடைசியில் 1619-ல் தாமஸ் டெர்மர் என்ற கப்பல் தலைவரோடு சொந்தக் கடற்கரை.

ஐந்து ஆண்டுகள் கழித்து வருகிறார். பட்டக்செட்டில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையை ஒரு கொள்ளைநோய் துடைத்துப் போட்டிருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த நோய் என்பதே பொதுவான கருத்து. என்ன நோய் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சில ஊர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். புதைக்கக்கூட ஆளில்லாமல் எலும்புகள் வெட்டவெளியில் கிடந்ததை, பிறகு வந்த ஆங்கிலேயர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற மரபில் வந்தவருக்கு, தன் ஊரில் சொல்லக்கூடிய பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டிஸ்குவாண்டம் என்பதே அவருக்குப் பிறப்பில் வைத்த பெயராக இருக்காது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். தெய்வ சக்தியின் சீற்றம் என்பதுபோல அதற்குப் பொருள். அந்தப் பெயரோடு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு மனிதரைப் பள்ளிக் கதையின் சாதுவான ஸ்குவாண்டோவாக நினைக்கவே முடியவில்லை.

அவருடைய வயலில், அவர்களுக்குப் பாடம்

1620 டிசம்பரில் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் குடியேற ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். காடு திருத்தப்பட்ட நிலம், நல்ல ஓடை, உரிமை கேட்க ஆளில்லை. அது பட்டக்செட். ஸ்மித்தின் வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஏற்கெனவே ‘பிளிமத்’ என்று ஆங்கிலப் பெயரும் போட்டாகிவிட்டது. வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள்.

1621 மார்ச்சில் சமோசெட் என்ற, வடக்கே மேய்ன் பகுதியைச் சேர்ந்த ஒரு தலைவர் தைரியமாக ஊருக்குள் நடந்துவந்து ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, குடிக்க பீர் இருக்கிறதா என்று கேட்டார். மீன்பிடிக் கப்பல்காரர்களிடம் கற்ற ஆங்கிலம். சில நாளில் அவர் தன்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர்தான் டிஸ்குவாண்டம்.

அன்றே வாம்பனோவாக் பெருந்தலைவர் மாசசாயிட் 60 ஆட்களோடு வந்து உடன்பாடு செய்துகொண்டார். ஒருவரையொருவர் தாக்குவதில்லை, வேறு யாராவது தாக்கினால் உதவிக்கு வருவது. மாசசாயிட் இதைப் பெருந்தன்மையில் செய்யவில்லை, கணக்குப் போட்டுத்தான் செய்தார். நோயில் அவருடைய மக்கள் கரைந்துபோயிருந்தார்கள். பக்கத்தில் நோய் தொடாத நாரகான்செட் மக்கள் பலத்தோடு இருந்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு கூட்டாளி அவருக்குத் தேவைப்பட்டது.

மறுநாள் மதியம் டிஸ்குவாண்டம் தனியாக வெளியே போனார். சேற்றைக் காலால் மிதித்து விலாங்கு மீன்களை வெளியே வரவைத்து, வெறுங்கையால் பிடித்து, ஒரு கையில் தூக்க முடிந்த அளவு கொண்டுவந்தார். பசியில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு சோளம் விதைக்கவும், நிலத்துக்கு மீனை உரமாகப் போடவும் சொல்லித்தந்தார். மீன் உர முறையை அவர் ஐரோப்பியர்களிடம்தான் பார்த்திருப்பார் என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், அவர் பாடம் எடுத்தது தன் சொந்த மக்களின் வயலில்.

அன்று முதல் அவர் பிளிமத்திலேயே தங்கிவிட்டார். பேச்சுவார்த்தை, வியாபாரம், காணாமல்போன சிறுவனைத் தேடிப் போனது என்று எல்லாவற்றிலும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் செத்தால் ஆங்கிலேயர்களின் நாக்கே போய்விடும் என்று எதிராளித் தலைவர் ஒருவர் கணக்குப்போட்டு, ஒருமுறை அவரைச் சிறைபிடித்ததும் நடந்தது. அந்த வருட இலையுதிர் காலத்தில்தான் புகழ்பெற்ற விருந்து. மாசசாயிட் 90 ஆட்களோடு வந்து மூன்று நாள் தங்கினார், அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். நேரில் இருந்தவர் எழுதிய அந்தக் குறிப்பில் டிஸ்குவாண்டத்தின் பெயரே இல்லை.

இரண்டு பக்கமும் விளையாடிய ஆட்டம்

இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இரண்டு மொழியும் சரளமாகத் தெரியும் என்றால் என்ன ஆகும்? அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் இரண்டு பக்கத்துக்கும் உண்மை. டிஸ்குவாண்டம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

ஆங்கிலேயர்கள் கிடங்கில் கொள்ளைநோயைப் புதைத்து வைத்திருக்கிறார்கள், நினைத்தால் திறந்துவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்லிவைத்தார். புதைந்திருந்தது வெடிமருந்துப் பீப்பாய்கள். ஆனால் அந்த நோயைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் வேறென்ன வேண்டும்? தான் சொன்னால் ஆங்கிலேயர்கள் கேட்பார்கள் என்று சொல்லிப் பரிசுகளும் வாங்கினார். ஆங்கிலேயர்களிடம் விசாரித்தபோது அவர்கள் சொன்ன பதிலும் சுவாரசியம்: நோய் எங்கள் கையில் இல்லை, எங்கள் கடவுளின் கையில் இருக்கிறது. மறுப்பு மாதிரியே இல்லை!

ஆங்கிலேயர்களும் சும்மா இல்லை. மாசசாயிட்டின் ஆளான ஹாபமாக் என்ற வீரரும் பிளிமத்தில் வசித்தார். ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் டிஸ்குவாண்டத்துக்கு வேண்டியவர்போலவும், படைத்தலைவர் ஸ்டான்டிஷ் ஹாபமாக்குக்கு வேண்டியவர்போலவும் காட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவே போட்டி இருந்தால் தகவல் அதிகம் கிடைக்கும், வேலையும் ஒழுங்காக நடக்கும் என்ற கணக்கு. இப்படி ஒரு மேனேஜரை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

1622 வசந்தத்தில் ஆட்டம் எல்லை மீறியது. ஸ்டான்டிஷ் படகில் கிளம்பிய நேரம், டிஸ்குவாண்டத்தின் உறவினர் ஒருவர் முகத்தில் ரத்தத்தோடு ஓடிவந்தார். மாசசாயிட் எதிரிகளோடு சேர்ந்து பிளிமத்தைத் தாக்க வருகிறார் என்றார். பீரங்கி வெடித்துப் படகைத் திருப்பி அழைத்தார்கள். ஹாபமாக் நம்பவில்லை. உண்மையை அறியத் தன் மனைவியை அனுப்பிவைத்தார். அவர் போய்ப் பார்த்தால், அங்கே எல்லாம் அமைதி. மாசசாயிட்டுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் சண்டை மூட்டும் நாடகம் அம்பலமாகிவிட்டது.

கோபத்தில் மாசசாயிட், டிஸ்குவாண்டத்தின் தலையையும் கைகளையும் கேட்டுத் தன் சொந்தக் கத்தியையே கொடுத்தனுப்பினார். கூடவே பரிசாக பீவர் தோல்கள். உடன்பாட்டின்படி பிராட்ஃபோர்ட் அவரை ஒப்படைத்தே ஆக வேண்டும். டிஸ்குவாண்டம் ஓடவில்லை, ஆளுநரின் முடிவுக்குக் கட்டுப்படுவதாகச் சொல்லி நின்றார். ஒப்படைக்கப்போகும் தறுவாயில் கடலில் ஒரு படகு தெரிந்தது. யாருடையது என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்று பிராட்ஃபோர்ட் சாக்கு சொல்ல, காத்திருந்து வெறுத்த தூதர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். வந்தது ஆங்கிலப் படகுதான்.

இவ்வளவும் எதற்கு? மாசசாயிட்டின் இடத்தைப் பிடிக்க ஆசைப்பட்டார் என்பது ஆங்கிலேயர்கள் சொன்ன காரணம். தப்பிப் பிழைத்த சிலரைச் சேர்த்து, பட்டக்செட்டை மறுபடி ஓர் ஊராக்க முயன்றிருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் சிலர். எனக்கு இரண்டாவதுதான் நம்பத் தோன்றுகிறது. எல்லாரையும் இழந்தவரிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து இரண்டு மொழிகள். அதை வைத்து வேறு எதைத்தான் கட்ட நினைத்திருப்பார்?

அதன் பிறகு சாகும்வரை அவர் ஆங்கிலேயர்களை விட்டு நகரவே பயந்தார். அந்த நாளும் தூரத்தில் இல்லை. 1622 நவம்பரில் பிராட்ஃபோர்டோடு தானியம் வாங்கக் கப்பலில் போனார். கேப் காட் முனையில், இன்றைய சாத்தம் பகுதியில், 8 பெரிய பீப்பாய் சோளமும் பீன்ஸும் பேசி வாங்கித் தந்தார். அங்கேயே காய்ச்சல் கண்டு, மூக்கில் ரத்தம் வடிந்து, சில நாளில் இறந்தார். ஆங்கிலேயர்களின் கடவுளிடம் தான் போய்ச் சேரப் பிரார்த்திக்கும்படி கேட்டுக்கொண்டார் என்றும், தன் பொருட்களை ஆங்கில நண்பர்களுக்குக் கொடுக்கச் சொன்னார் என்றும் பிராட்ஃபோர்ட் பதிவு செய்திருக்கிறார். டிஸ்குவாண்டத்தின் வாழ்க்கையில் நமக்குத் தெரிந்தது எல்லாமே இப்படி அடுத்தவர் எழுதியதுதான்.

அந்த மொழி என்ன ஆனது?

மாசசாயிட் இருக்கும்வரை உடன்பாடு தாக்குப்பிடித்தது. அவருடைய மகன் மெட்டாகம் காலத்தில், 1675-ல் போர் வெடித்தது. வாம்பனோவாக் மக்கள் தோற்றார்கள். மெட்டாகமின் தலை பிளிமத்தில் பல ஆண்டுகள் கம்பத்தில் குத்திவைக்கப்பட்டிருந்தது. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் நாளிலும் பூர்வகுடி மக்கள் அதே பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள்.

டிஸ்குவாண்டம் பேசிய மொழி 19-ம் நூற்றாண்டில் பேசுவோர் இல்லாமல் போனது. ஆனால் எழுத்தில் நிறையவே தங்கியிருந்தது. அமெரிக்க மண்ணில் அச்சான முதல் பைபிள், 1663-ல் வந்தது, இந்த மொழியில்தான். வாம்பனோவாக் மக்களே எழுதிய உயில்களும் நிலப் பத்திரங்களும் கடிதங்களும் இருந்தன. 1993-ல் மாஷ்பீ வாம்பனோவாக் சமூகத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் இவற்றை வைத்து மொழியை மீட்கும் வேலையில் இறங்கினார். பிறகு எம்.ஐ.டி.யில் மொழியியல் படித்தார். அந்த மொழியைக் கேட்டே வளர்ந்த அவருடைய மகள்தான், பல தலைமுறைகளுக்குப் பிறகு அதைத் தாய்மொழியாகப் பேசிய முதல் குழந்தை.