கொட்டியாரக் கரையில் தொடங்கிய அச்சக் கதை

ஒக்டோபர் மாதத்தின் இறுதி இரவை மேலைத்தேயத்தவர் ஹாலோவீன் எனக் கொண்டாடுகின்றனர். பூசணிக்காயைக் குடைந்து முகம் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைப்பர். பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் செல்வர். புத்தகக் கடைக்காரருக்கோ அது நல்ல வியாபாரக் காலம். அச்சமூட்டும் நாவல்களை முன்வரிசைக்குக் கொண்டு வந்து அடுக்கி விடுவர். இவ்வழக்கம் எமது பண்பாட்டுக்கு உரியதன்று. ஆயினும் அக்காலத்தில் பயமுறுத்தும் நூல் ஒன்றைத் தேடி வாசிக்கும் ஆர்வம் எமது இளைய தலைமுறையினரிடத்திலும் படிப்படியாகப் பரவி வருகின்றது. வாசிப்பு எந்த வாசல் வழியாக வந்தாலும் வரவேற்கத்தக்கதே. எதனைத் தெரிவு செய்வது என்பதே கேள்வி.

எமது ஊர்களுக்கு அச்சக் கதை புதிதன்று. மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் பாலம் கடந்து சேனையூர், சம்பூர் என நீளும் வீதியின் இரு மருங்கிலும் கொள்ளிவாய்ப் பேயின் கதை கேட்டு வளராத பிள்ளை அரிது. முஸ்லிம் கிராமங்களில் ஜின்களைப் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. வயலில் காவலிருப்போர் இரவில் பரிமாறிக் கொண்ட இத்தகைய கதைகள் இரு சமூகத்தாருக்கும் பொதுவானவை. எனினும் நூல் என்று வரும்போது பிரான்கன்ஸ்டைன், டிராகுலா என்ற பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1818 இலும் 1897 இலும் வெளியான அவ்விரு நாவல்களும் வாசிக்கத் தக்கவையே. ஆனால் அவற்றுக்கு வெகுகாலம் முன்னரே, 1681 ஆம் ஆண்டில் லண்டனில் அச்சாகிய ஒரு நூலின் கதை இந்தக் கொட்டியாரப்பற்றின் கரையிலேதான் தொடங்குகின்றது. அது நாவலன்று, நடந்த சம்பவம். அதனை எழுதியவர் றொபேட் நொக்ஸ்.

1641 ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர் நொக்ஸ். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் ஈடுபட்ட 'ஆன்' என்ற கப்பலின் தலைவர் அவர். தந்தையுடன் 1658 இல் புறப்பட்ட மகன், இந்தியாவின் மசூலிப்பட்டினக் கடலில் 1659 நவம்பரில் பெரும் புயலைச் சந்தித்தார். பாய்மரத்தை இழந்த கப்பல், அதனைச் செப்பனிடவும் சிறிது வியாபாரம் செய்யவும் கொட்டியாரக் குடாவை நாடியது. மகாவலி கடலோடு கலக்கும் அக்குடாவில் நல்ல மரமும் தண்ணீரும் கிடைக்கும் என்பதைக் கடலோடிகள் அறிந்திருந்தனர்.

அப்போது கண்டியில் ஆட்சி புரிந்தவர் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை விரட்டுவதற்கு ஒல்லாந்தரை அழைத்து, பின்னர் அதே ஒல்லாந்தரிடம் கரையோரத்தை இழந்த மன்னர். எந்த ஐரோப்பியக் கப்பலையும் அவர் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. கொட்டியாரத்தில் கப்பல் நின்ற செய்தி கிடைத்ததும் திசாவை ஒருவரைப் படையுடன் அனுப்பினார். வந்தவர் வாள் உருவவில்லை. மரியாதையுடன் செய்தி அனுப்பினார். மன்னரின் கடிதம் இருப்பதாகவும் கப்பல் தலைவர் கரைக்கு வந்து அதனைப் பெற்றுக் கொள்ள வேண்டும் எனவும் தெரிவித்தார். முதலில் மகன் நொக்ஸும் வர்த்தகர் ஒருவரும் சென்றனர். தந்தையும் சிலருடன் கரையிறங்கிப் புளியமரம் ஒன்றின் கீழ் அமர்ந்திருந்தார். அங்கேயே அவரும் உடனிருந்தவர்களும் பிடிக்கப்பட்டனர். 1660 ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில் இது நிகழ்ந்தது. மூதூரில் வெள்ளைக்காரன் மரம் எனப் பெயர் பெற்ற அப்புளியமரத்தை நினைவுகூரும் கல் 1893 இல் நாட்டப்பட்டது.

இக்கதையின் மிக முக்கியமான கட்டம் அடுத்து வருவதாகவே நாம் கருதுகின்றோம். கப்பலில் எஞ்சியிருந்தவர்களுக்கு அறிவுறுத்தல் வழங்குவதற்காக இளைஞர் நொக்ஸ் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்கு வயது பத்தொன்பது. கப்பலில் ஏறியவர் அங்கேயே தங்கியிருந்தால், நங்கூரத்தைத் தூக்கிக் கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். எவரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி, கப்பலைப் பாதுகாப்பதற்கு வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, தானாகவே மீண்டும் கரைக்கு வந்து கைதியானார். சில வாரங்களின் பின்னர் கப்பல் அவர்களின்றியே புறப்பட்டுச் சென்றது.

டிராகுலா நாவலை வாசித்தவர்கள் இவ்விடத்தில் ஓர் ஒற்றுமையைக் காண்பர். அதிலும் இளைஞன் ஒருவன் விருந்தினனாக வரவேற்கப்படுகின்றான். உணவும் படுக்கையும் குறைவின்றிக் கிடைக்கின்றன. வெளியே செல்லும் வழி மட்டும் இல்லை என்பது மெல்ல மெல்லவே அவனுக்குப் புரிகின்றது. நொக்ஸின் நிலையும் அதுவே. பிடிபட்ட ஆங்கிலேயரை எவரும் சங்கிலியிட்டுப் பூட்டவில்லை. கிராமத்துக்கு ஒருவராகப் பிரித்துக் குடியமர்த்தினர். ஊரார் முறைவைத்துச் சோறு கொடுக்க வேண்டும் என்பது அரச கட்டளை. விடுதலை நாளையா, அடுத்த ஆண்டா, என்றுமே இல்லையா என்பதற்குப் பதில் கூறுவார் எவருமில்லை. முகாம்களிலும் அகதி வாழ்விலும் நாட்களை எண்ணியவர்களுக்கு, அதிலும் 2006 ஆம் ஆண்டில் இதே மூதூர்ப் பிரதேசத்தில் வீடுகளை விட்டுப் பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களுக்கு, இந்தக் காத்திருப்பின் தன்மையை நாம் விளக்க வேண்டியதில்லை.

தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்ற சிங்களக் கிராமத்தில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பீடித்தது. பல மாதங்கள் நோயுற்றுக் கிடந்த தந்தை 1661 பெப்ரவரியில் காலமானார். எழுந்து நிற்கவும் வலுவில்லாத மகன் அயலாரிடம் உதவி கேட்டார். பிரேதத்தைத் தீண்ட அஞ்சிய அவர்கள், மாடு கட்டும் கயிறு ஒன்றை அனுப்பி, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லும்படி கூறினராம். நொக்ஸ் அதற்கு உடன்படவில்லை. நோயுற்ற உடலோடு பெரும்பாடுபட்டுத் தந்தையை முறைப்படி அடக்கம் செய்தார். பேய் எதுவும் வராத இந்தப் பக்கங்களைப் போல் மனத்தைக் கலக்கும் பக்கங்கள் எந்தப் பேய் நாவலிலும் அரிது.

நூலைத் தெரிவு செய்வது பற்றியல்லவா பேசத் தொடங்கினோம். நொக்ஸுக்குத் தெரிவு என்ற ஒன்றே இருக்கவில்லை. கப்பலிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்தவை இரண்டே நூல்கள். இரண்டும் கிறிஸ்தவ பக்தி நூல்கள். திரும்பத் திரும்ப வாசித்து அவற்றை ஏறக்குறைய மனனம் செய்துவிட்டார். ஒருநாள் மீன் பிடித்துக் கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து வந்த முதியவர் ஒருவரிடம் ஆங்கில நூல் ஒன்று இருப்பதாகச் செய்தி கிடைத்தது. கையிலெடுத்துப் பார்த்தால் அது ஆங்கில வேதாகமம். திறந்த பக்கம், சிறைக் கதவுகள் அதிர்ந்து திறந்து கொண்டதைச் சொல்லும் அதிகாரத்தில் அமைந்திருந்தது. தம் கையால் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அந்நூலைப் பெற்றுக் கொண்டார். ஒரு நூலின் பெறுமதியை இவரைப் போல் உணர்ந்த வாசகர் சிலரே இருப்பர்.

தொப்பி பின்னுவது அவர் கற்றுக்கொண்ட பிழைப்புகளில் ஒன்று. பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். காலப்போக்கில் எலதெத்தை என்ற இடத்தில் காணி வாங்கி வீடு கட்டினார். உடன் சிறைப்பட்டோர் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமாகினர். நொக்ஸ் மணம் செய்யவில்லை. தோழர் ஒருவருக்கும் சிங்களப் பெண்ணுக்கும் பிறந்த லூசியா என்ற பெண் குழந்தையைத் தம் பிள்ளையாக வளர்த்தார். ஊரின் மொழியையும் வழக்கங்களையும் கூர்ந்து கவனித்தார். கண்டி நகரில் முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்று இருந்ததையும், காணியுள்ள ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் செலுத்த வேண்டும் என முன்னைய மன்னர் ஒருவர் உரிமை அளித்திருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கின்றார். எமது வரலாற்றாய்வாளர்கள் இக்குறிப்பை மேலும் கவனத்திற் கொள்வது நன்று.

அமானுஷ்யத்தைத் தேடுவோருக்கும் நூலில் இடமுண்டு. மலைநாட்டில் இரவு வேளைகளில் பிசாசு கூவுவதைத் தாமே பலமுறை கேட்டதாக நொக்ஸ் எழுதுகின்றார். நாய் குரைப்பது போன்ற கூர்மையான ஓசை. அது கேட்டதும் ஊர் நாய்கள் நடுங்கும். அக்குரலால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை எனவும், ஆனால் அது எழும் காலங்களில் மன்னர் ஆட்களைக் கொல்விப்பது வழக்கம் எனவும் குறிப்பிடுகின்றார். சிங்கள மக்கள் உலமா எனப் பெயரிட்டு அஞ்சும் பறவையின் குரலே அது என்றும், அப்பறவை பெரிய காட்டு ஆந்தை ஒன்றே என்றும் பிற்காலத்தோர் பலர் கருதுகின்றனர். (மார்க்க அறிஞரைக் குறிக்கும் அரபுச் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.) குரலுக்கு உரியது பறவையோ பிசாசோ, உயிரைப் பறித்தது அரண்மனைக் கட்டளைதான். யானையைக் கொண்டு மரண தண்டனை நிறைவேற்றும் படம் ஒன்றும் அந்நூலில் அச்சிடப்பட்டுள்ளது. 1664 இல் மன்னருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் அதன் பின்விளைவுகளும் வாசகரின் உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானவை.

வியாபாரி வேடம் நொக்ஸுக்கு விடுதலையின் வாயிலாயிற்று. சில்லறைப் பொருட்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று வழி அறிந்தார். 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் எலதெத்தையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அநுராதபுரத்தைக் கடந்து மல்வத்து ஓயாவின் கரையோரமாக நடந்தனர். பகலில் மனிதரின் கண்ணுக்குத் தப்ப வேண்டும். இரவில் யானைக்கும் கரடிக்கும் தப்ப வேண்டும். தாளிப்பனை ஓலையே கூடாரம். விலங்குகளைக் காட்டிலும் மனிதக் குரல் கேட்டபோதே அவர்கள் அதிகம் நடுங்கினர். தமிழ் பேசும் வன்னிப் பிரதேசத்தின் ஊடாகச் சென்று, ஒக்டோபர் 18 ஆம் திகதி, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். சிறைப்பட்டு பத்தொன்பதரை ஆண்டுகள் கழிந்திருந்தன. ஹாலோவீன் காலத்துக்கு வாசிப்புத் தேடுவோருக்கு இதைவிடப் பொருத்தமான ஒக்டோபர் பயணம் இல்லை எனலாம்.

1680 இல் லண்டன் சேர்ந்தார். விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் துணையோடும் முன்னுரையோடும் அடுத்த ஆண்டே நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்கும் சென்றது. தத்துவ அறிஞர் ஜோன் லொக், கட்டற்ற முடியாட்சியின் தீமைக்கு உதாரணமாக அதனை எடுத்துக் காட்டினார். டானியல் டெபோவின் றொபின்சன் குரூசோ 1719 இல் வெளியானது. அத்தனிமை வாழ்வின் வார்ப்பில் நொக்ஸுக்கும் பங்குண்டு என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. மறு ஆண்டு வெளியான கப்டன் சிங்கிள்டன் நாவலில் டெபோ நொக்ஸின் சரிதத்தைப் பெயர் குறிப்பிட்டே சுருக்கித் தந்துள்ளார். பாடசாலைப் பருவத்தில் குரூசோவைச் சுருக்க வடிவில் வாசித்து மகிழ்ந்த எம்மவருள், அக்கதைக்குக் கொட்டியாரக் கரையோடு உறவுண்டு என அறிந்தோர் மிகச் சிலரே.

இதுவரை நொக்ஸின்பால் இரக்கம் கொண்ட வாசகர் இனித்தான் திடுக்கிட வேண்டியுள்ளது. கம்பனி அவரை டொன்குயின் மேர்ச்சன்ட் என்ற கப்பலுக்குத் தலைவராக்கியது. மடகாஸ்கர் தீவில் மனிதரை விலைக்கு வாங்கி, சென் ஹெலனா தீவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்வதும் அப்பணியில் அடங்கும். நொக்ஸ் மறுக்கவில்லை. வஞ்சகமாகப் பிடிக்கப்படுவது எத்தகையது, பிறந்த மண்ணைக் காணாது ஆண்டுகளை எண்ணுவது எத்தகையது என்பதை அவர் அளவுக்கு அறிந்த ஆங்கிலேயர் அக்காலத்தில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. கண்டியில் அவருக்குச் சோறு கிடைத்தது. காணி வாங்கும் உரிமையும் கிடைத்தது. அவர் ஏற்றிச் சென்றவர்களுக்கு அவற்றுள் ஒன்றுமில்லை. பிரான்கன்ஸ்டைனின் பிராணியையும் டிராகுலாவின் கோரைப் பற்களையும் காட்டிலும் எம்மை அச்சுறுத்துவது இதுவே. பின்னொரு பயணத்தில், அவர் கரையிறங்கியிருந்த வேளையில் மாலுமிகள் கலகம் செய்து, அவரைச் சென் ஹெலனாவில் கைவிட்டுக் கப்பலுடன் புறப்பட்டுச் சென்றனர். தீவொன்றின் கரையில் நின்று, தம் கப்பல் தம்மை விட்டு அகல்வதை இரண்டாம் முறையாகக் கண்டார்.

நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. நாடு, மன்னர், மக்கள் என்பன பற்றிய முதல் மூன்று பகுதிகளும் ஆறுதலாக வாசிக்கத் தக்கவை. சிறைவாழ்வையும் தப்பியோடியதையும் கூறும் நான்காம் பகுதியை ஓரிரவில், விளக்கருகே அமர்ந்து ஒரே மூச்சில் வாசிப்பதே சிறப்பு. பழைய ஆங்கிலம் சற்றுக் கடினமானது எனினும், இணையத்தில் முழு நூலும் விலையின்றிக் கிடைக்கின்றது. மூதூர், கட்டைபறிச்சான் பகுதிப் பாடசாலை நூலகங்களில் குரூசோவுக்கு அருகில் இதனையும் வைக்க வேண்டும் என்பது எமது விருப்பம். உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தால், நான்காம் பகுதியை மட்டுமாவது எளிய தமிழில் சுருக்கித் தருவது இயலாத காரியமன்று.

நொக்ஸ் தம் வாழ்வைப் பற்றி எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சேறாதிருந்து, 1911 இல் வெளிவந்தது. வளர்ப்பு மகள் லூசியாவை அவர் மறக்கவில்லை. எலதெத்தைக் காணி அவளுக்கே உரியது என எழுதினார். இறுதிவரை மணம் புரியாதிருந்த அவர் 1720 ஜூன் 19 ஆம் திகதி காலமானார். லண்டனை அடுத்த விம்பிள்டனில் அவரை அடக்கம் செய்தனர். அவர் தம் கையாலேயே அடக்கிய தந்தை பண்டார கொஸ்வத்தையில் உறங்குகின்றார்.