தசைநாரை ஆராய்ந்த ஆயர்

இறைச்சியை வேகவைத்துப் பிய்த்தால் அது நார் நாராகப் பிரிவது நமக்குத் தெரியும். ஒவ்வொரு நாரையும் மெல்லிய உறை ஒன்று சூழ்ந்திருக்கிறது. நார்க் கற்றைகளுக்குத் தனி உறை, முழுத் தசைக்கும் வெளியே இன்னோர் உறை. இவை மூன்றும் முனையில் தசைநாணோடு ஒன்றாகி எலும்பைப் பற்றுகின்றன. இந்த உறைகள் இல்லையேல் தசையின் இழுவிசை சிதறிப்போகும். நுண்ணோக்கி வளராத 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த அமைப்பைக் கூர்ந்து கவனித்தவர் அருளாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ.

இவர் 1638-இல் கோபன்ஹேகனில், லூத்தரன் சபையைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலையொன்றை அறுத்து ஆராய்ந்தபோது கன்னத்து உமிழ்நீர்க் குழாயைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இதயமும் ஒரு தசையே என்று சொல்லிப் பலரைத் திகைக்க வைத்தார்.

நரம்பு வழியே வரும் ஏதோ ஓர் ஆவி உள்ளே புகுந்து ஊதுவதால்தான் தசை பருக்கிறது என்று அக்கால அறிஞர்கள் நம்பினர். ஸ்டெனோ 1667-இல் வெளியிட்ட நூலில் இதைக் கணித வடிவில் மறுத்தார். நார்கள் தசைநாண்களுக்கிடையே சாய்வாக, இணையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் குறுகினாலே போதும், கன அளவு கூடாமலே தசை பருத்துத் தோன்றும் என்றார். நார்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் மெல்லிய இழைகள் தசையின் வெளிச் சவ்வோடு தொடர்புடையவை என்பதையும் குறித்தார். அவர் காலத்தார் ஏற்கவில்லை. சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகே அவருடைய கணக்கு மதிக்கப்பட்டது.

அதே 1667-இல் பிளாரன்சில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். முந்தைய ஆண்டு லிவோர்னோ நகரில் கண்ட நற்கருணைப் பவனி அவர் உள்ளத்தை அசைத்திருந்தது. 1675-இல் குருவானார். 1677-இல் ஆயராகி வட ஜெர்மனிக்குச் சென்றார். ஹன்னோவரில் அவரோடு பழகிய தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், ஆராய்ச்சியைக் கைவிட்டுவிட்டாரே என்று குறைபட்டார். அக்குறையில் நியாயம் உண்டு என்றே நமக்கும் படுகிறது. இத்தகைய கண்ணும் கையும் எளிதில் கிடைப்பவை அல்லவே! ஆனால் ஸ்டெனோ தம் ஆயர் மோதிரத்தையும் சிலுவையையும்கூட விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். 1683-இல் மூன்ஸ்டர் ஆயர் தேர்தலில் பணம் புகுந்தபோது, அதற்கு உடன்பட மறுத்து வெளியேறினார்.

1686-இல் ஸ்வெரின் நகரில், கடும் நோன்புகளால் மெலிந்த உடலோடு, 48 வயதில் இறந்தார். உடல் பிளாரன்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு சான் லொரென்சோ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988 அக்டோபர் 23 அன்று அவரை அருளாளராக உயர்த்தினார்.