பிரித்துப் பார்த்த கை

சொன்னதைச் செய், இயந்திரத்தைப் பிரிக்காதே! பட்டறைக்குள் நுழையும் பையனுக்கு முதல் நாள் கிடைக்கும் உபதேசம் இதுதான். கேள்வி கேட்டால் குற்றம். யோசனை கூறினால் அதிகப்பிரசங்கித்தனம். வருணாசிரமம் சாத்திரத்தில் மட்டுந்தானா இருக்கிறது? மூளை ஒரு சாதி, கை வேறொரு சாதி என்று தொழிற்கூடத்திலும் அல்லவா பிரித்து வைத்திருக்கிறார்கள்! கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத்தின் முன் நிற்கும் இளைஞர்களுக்காகவே, இந்தப் பிரிவினையைப் பொய்யாக்கிய ஒருவரின் கதையை எழுதுகிறோம்.

1893 மார்ச் 23-இல், கோவையை அடுத்த கலங்கல் என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிள் பிடித்து வைத்தது! மாடும் இழுக்கவில்லை, மந்திரமும் ஓட்டவில்லை, வண்டி ஓடுகிறதே, எப்படி? அந்த எப்படி என்ற ஒரு சொல் அவரைக் கோவைக்கு இழுத்து வந்தது. உணவு விடுதியிலே பரிமாறும் வேலை பார்த்தார். கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஆசைப்பட்ட அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்வலமா போனார்? உட்கார்ந்து பிரித்தார்! கடைசித் திருகாணி வரை பிரித்தார், மறுபடி பூட்டினார், ஓடிற்று. பட்டம் தராத பல்கலைக்கழகம் அது.

பிறகு பஞ்சு வியாபாரம், அதில் லாபம், பம்பாயிலே நட்டம். அது கிடக்கட்டும்.

1920-இல் ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே! அந்த ஒன்று யு. எம். எஸ். என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் பஸ் புறப்பட்டது. டிக்கெட் கொடுக்கக் கருவி வந்தது. பழுது பார்க்கும் பட்டறையே புதியன காணும் கூடமாயிற்று. 1937-இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கிய மின் மோட்டாரை, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்பர். இங்கே சேர்ந்து என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். உடன் உழைத்தவன் உயர்ந்துவிட்டால் உள்ளம் பொறுக்காத முதலாளிகள் மலிந்த நாடு இது. பாலசுந்தரமோ பின்னாளில் டெக்ஸ்டூல் என்ற சொந்த நிறுவனத்தையே எழுப்பிக் காட்டினார். மோட்டாரும் பம்பும் கோவையின் குடிசைத் தொழில்போலப் பரவின என்றால், அது ஒரு கை வேலையல்ல, பல கைகளின் வேலை.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தபோது முதல்வர் பொறுப்பேற்றார், பட்டம் பெறாத நாயுடு! நான்காண்டு ஏடு புரட்டுவது வீண், கருவியைக் கையிலே கொடுத்தால் குறுகிய காலத்தில் கற்பிக்கலாம் என்பது அவர் வாதம். சர்க்கார் இணங்கவில்லை. பதவியை உதறினார். அணை கட்டவும் பாலம் போடவும் கணக்கும் வேண்டும், காலமும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பானர் பிடித்தறியாத பொறியாளரை இன்றும் பார்க்கிறோமே, அவர் கேட்ட கேள்வி செத்துவிட்டதா?

பெரியாருக்கும் அண்ணாவுக்கும் நண்பர் அவர். என்றாலும், வரிக்கொடுமையைக் கண்டிக்கிறேன் என்று தாம் செய்த பொருள்களைத் தாமே பொதுமேடையில் உடைத்தாரே, அதை நாம் பாராட்ட மாட்டோம். அந்தப் பொருள்களிலே தொழிலாளியின் வியர்வையும் இருந்தது.

1974 ஜனவரி 4-இல் மறைந்தார். கப்பலூரில் ஓடும் ஆலையின் பெயரிலே வாழும் கருமுத்து தியாகராசரும் அதே 1893-இல் பிறந்து அதே 1974-இல் மறைந்தவர் என்பது வியப்பான பொருத்தம். கோவை அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளும் மேம்பாலத்துக்குக் கழக அரசு நாயுடுவின் பெயரைச் சூட்டி, 2025 அக்டோபரில் முதல்வர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். அதே சாலையில்தான் அவர் பெயரிலான காட்சிக்கூடமும் இருக்கிறது. கோவைக்குப் போகும் பட்டறைக்காரர்கள், பையன்களையும் உடன் அழைத்துப் போகட்டும்.